லேபிளில் இல்லாத மருந்து, பாப்பாவுக்கு: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் மகளுக்கு 7 வயது, எடை 20 கிலோ. நாலரை வயதில் கண் பார்வை மங்கி, ஸ்கேனில் கண் நரம்புகள் சந்திக்கும் இடத்தில் கட்டி தெரிந்தது. பயாப்ஸியில் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, முதல் கிரேடு என்றார்கள். கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் போட்டோம். எட்டாவது மாதம் கார்போபிளாட்டின் அலர்ஜியாகி நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை வருடம் கட்டி அப்படியே இருந்தது. போன மாத எம்.ஆர்.ஐ.யில் வளர்ந்திருக்கிறது, இடது கண் பார்வையும் குறைந்திருக்கிறது. ட்ராமெட்டினிப் மாத்திரை தரலாம், ஆனால் ஆஃப்-லேபிள், அதற்குத் தனியாகக் கையெழுத்து வேண்டும் என்கிறார் டாக்டர். "அப்ரூவல் இல்லாத மருந்தைப் பிள்ளை மேல் சோதனை பண்றாங்க" என்று என் மாமியார் அழுகிறார். ரிப்போர்ட்டில் பிராஃப் என்று இருப்பதைப் பார்த்த என் தம்பி, "பிராஃபுக்கு நேரடி மருந்தே இருக்கு, வெமுராஃபெனிப். வங்கதேச மாத்திரை வாட்ஸப்பில் பாதி விலைக்குக் கிடைக்கும்" என்கிறான். கையெழுத்துப் போடலாமா?
பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: வணக்கம் அம்மா. முதலில் தம்பி சொன்ன மாத்திரையை ஆர்டர் செய்யாமல் நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் இருக்கும் மாற்றத்துக்கு அது பயன்படாது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. கட்டியை வளர்க்கவும் கூடும். டாக்டர் சொன்ன ட்ராமெட்டினிப்தான் இந்த ரிப்போர்ட்டோடு பொருந்துகிற மருந்து. இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது உங்கள் வீட்டில் தலைகீழாகிவிட்டது.

ஆஃப்-லேபிள் என்றால் அனுமதியே இல்லாத மருந்து என்று பொருள் இல்லை. மருந்து அனுமதி பெற்றதுதான். எந்த நோய்க்கு, எந்த வயதுக்கு, எந்த அளவில் என்று அதன் தகவல் தாளில் அச்சிட்டிருக்கிறதே, அந்த வரிக்கு வெளியே பயன்படுத்துவதைத்தான் ஆஃப்-லேபிள் என்கிறோம். ட்ராமெட்டினிப்புக்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2013 மே மாதம் முதல் அனுமதி கொடுத்தது, பெரியவர்களின் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு. குழந்தைகளின் மூளைக்கட்டிக்கு அனுமதி வந்தது 2023 மார்ச்சில். அதுவும் டப்ராஃபெனிப் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, வி600ஈ என்ற ஒரே மாற்றம் உள்ள கட்டிக்கு மட்டும். உங்கள் பாப்பாவின் கட்டியில் இருப்பது வேறு மாற்றம். அதனால்தான் தனிக் கையெழுத்து.

குழந்தைப் புற்றுநோயில் இது அன்றாடம் நடப்பது. புதிய மருந்துகளைப் பெரியவர்களிடம் சோதித்து முடித்த பிறகே குழந்தைகளிடம் வருகிறார்கள். அமெரிக்காவில் 1997 முதல் 2017 வரை அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்துகளைக் கணக்கெடுத்தபோது, மனிதரிடம் நடந்த முதல் சோதனைக்கும் குழந்தைகளிடம் நடந்த முதல் சோதனைக்கும் இடையே இருந்த இடைவெளியின் இடைநிலை அளவு 6.5 வருடம். கட்டி அவ்வளவு காலம் காத்திருக்காது. பெரியவர்களின் புற்றுநோய்க்கான புது மருந்து குழந்தைக் கட்டியிலும் உள்ள இலக்கைத் தாக்குமானால் குழந்தைகளிடமும் ஆராய வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 2020 ஆகஸ்ட்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வந்த மருந்துகள் பலவற்றின் தாளில் குழந்தைகளுக்கான வரியே இருக்காது.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். சோதனை, அதாவது கிளினிக்கல் ட்ரையல் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டின் எண் வேண்டும், பல பக்க ஒப்புதல் படிவம் வேண்டும். உங்கள் டாக்டர் செய்வது அது இல்லை. இருக்கிற ஆதாரத்தை வைத்து ஒரு பிள்ளைக்குச் செய்யும் சிகிச்சை. ஆதாரம் எவ்வளவு என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம், விஷயமே அங்கேதான். "பிராஃப் வி600ஈ: காணப்படவில்லை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "கேஐஏஏ1549 பிராஃப் ஃப்யூஷன்: உள்ளது" என்று இன்னொரு வரி. இரண்டிலும் பிராஃப் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, பிராஃப் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. இரண்டாவது, பிராஃபின் பாதி வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட நிலை. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவில் அதிகம் பார்ப்பது இந்த ஒட்டுதல்தான்.

செல்லுக்குள் வளரச் சொல்லும் உத்தரவு ராஸ், ராஃப், மெக், எர்க் என்று வரிசையாகக் கைமாறிப் போகிறது. வி600ஈ மாற்றத்தில் ராஃப் ஒற்றை மாட்டு வண்டி. வெமுராஃபெனிப், டப்ராஃபெனிப் போன்ற மருந்துகள் அந்த ஒரு மாட்டைப் பிடித்துக் கட்டிவிடும். ஒட்டுதல் வகையில் ராஃப் இரட்டை மாட்டு வண்டி. இதே மருந்து போய் ஒரு மாட்டைப் பிடித்தால், ஜோடி மாடு மிரண்டு முன்னைவிட வேகமாக இழுக்கிறது. இதை முரண் தூண்டல் என்கிறோம். ட்ராமெட்டினிப் மாட்டிடம் போவதில்லை. கீழே மெக் என்ற சக்கரத்துக்குக் கட்டை போடுகிறது. மேலே எத்தனை மாடு இழுத்தாலும் அதற்குக் கவலை இல்லை.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. சொராஃபெனிப் என்ற மருந்தும் ராஃபைத் தாக்கும் என்ற நம்பிக்கையில், குறைந்த கிரேடு மூளைக்கட்டி உள்ள 11 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவில், 9 பேருக்குச் சில மாதங்களிலேயே கட்டி வளர்ந்திருந்தது. ஆய்வை நிறுத்திவிட்டார்கள். பெயரைப் பார்த்துப் பொருத்தம் சொன்னால் இப்படித்தான் ஆகும். "டார்கெட்" மருந்து என்றாலே பாதகம் இல்லாதது என்ற எண்ணத்தையும் இந்த ஒரு ஆய்வு போதும், கலைத்துவிட.

இன்னொரு ஓட்டை, உங்களுக்கு அது நேரவில்லை என்றாலும் இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக. சில லேப்களில் பிராஃப் டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தால் வி600ஈ மட்டும் பார்ப்பார்கள். திசுத் துண்டில் நிறம் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட்டும் சரி, சாதாரண பி.சி.ஆரும் சரி, ஒட்டுதலைக் காட்டாது. பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோய்க்காக வடிவமைத்த டி.என்.ஏ. பேனல்களும் இதைத் தவறவிடக்கூடும். ஒட்டுதலைப் பார்க்க ஃபிஷ் டெஸ்ட் அல்லது ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் வேண்டும். "பிராஃப் நெகட்டிவ்" என்று வந்தால், எந்த முறையில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக் ஆஸ்பத்திரியில்தான் இருக்கும், மறுபடி தலையைத் திறக்கத் தேவையில்லை. உடம்பில் காப்பி நிற மச்சங்கள் ஆறும் அதற்கு மேலும், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்குப் பெரிதாக இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். என்.எஃப்.1 என்ற பரம்பரை நிலையிலும் இதே இடத்தில் கட்டி வரும், அங்கே கணக்கே வேறு.

சரி, மெக் மருந்து வேலை செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம்? இதே வகையைச் சேர்ந்த செலுமெட்டினிப்பை, பிராஃப் மாற்றம் உள்ள, முன்பு சிகிச்சை எடுத்தும் மீண்டும் வளர்ந்த பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா குழந்தைகள் 25 பேருக்குக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2019-இல் வந்தது. 36 சதவீதம் பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. இரண்டு வருடம் கழித்தும் 70 சதவீதம் பேருக்குக் கட்டி வளரவில்லை. இந்த எண்களைச் சரியாகப் படியுங்கள். "கட்டி மறைந்துவிடும்" என்ற வாக்குறுதி இதில் இல்லை. வளராமல் நிற்பதே இந்த நோயில் வெற்றி, ஏனென்றால் இந்தக் கட்டி உயிரைவிட அதிகமாகப் பார்வையையும் ஹார்மோனையும்தான் பறிக்கிறது. ட்ராமெட்டினிப்பின் அனுபவமும் இதே திசையில்தான் இருக்கிறது.

ஒட்டுதல் வகைக்கே அனுமதி பெற்ற மருந்து ஒன்று அமெரிக்காவில் உண்டு. டோவோராஃபெனிப், 2024 ஏப்ரலில் வந்தது, 6 மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம், வாரத்துக்கு ஒரு முறை. அது இரண்டு மாட்டையும் சேர்த்துப் பிடிக்கும் புதிய வகை. உங்கள் டாக்டரிடம் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. விலையையும் வரவழைக்கும் வழியையும் கணக்கிட்டால் ட்ராமெட்டினிப்புக்கே திரும்ப வேண்டியிருக்கலாம்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, யாரும் கேட்காத கேள்வி: வின்பிளாஸ்டின் என்ற கீமோ ஊசிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறதா? வாரம் ஒரு ஊசி, சதுர மீட்டருக்கு 6 மி.கி., 70 வாரம். பழைய மருந்து, விலையும் குறைவு. முன்பு கீமோ எடுக்காத குழந்தைகளிடம் நடந்த கனடா ஆய்வில் ஐந்து வருடத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குக் கட்டி வளரவில்லை. கார்போபிளாட்டின் அலர்ஜியானவர்களுக்கும் போடலாம். பார்வை வேகமாகக் குறைகிறது என்றால் டாக்டர் மாத்திரையை முன்னே வைப்பதில் நியாயம் இருக்கிறது. பார்வை நிலையாக இருந்து, பணம்தான் நெருக்கடி என்றால் வின்பிளாஸ்டினை முதலில் பார்ப்பதிலும் நியாயம் உண்டு. எது என்பதைக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர், நரம்பு அறுவை மருத்துவர், கண் மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர் சேர்ந்து உட்காரும் ட்யூமர் போர்டில் முடிவு செய்யச் சொல்லுங்கள். அந்த முடிவு எழுத்தில் ஃபைலில் இருக்க வேண்டும். பின்னால் இன்ஷூரன்ஸுக்கும் அந்தத் தாள்தான் உதவும்.

இனி மாத்திரை. ஆறு வயதுக்கு மேல் கிலோவுக்கு 0.025 மி.கி., ஆறு வயதுக்குள் 0.032 மி.கி., ஒரு நாளைக்கு ஒரே வேளை என்பது குழந்தை ஆய்வுகளில் எடுத்த அளவு. உங்கள் பாப்பாவுக்கு 20 கிலோ, 20 × 0.025 = 0.5 மி.கி. சின்ன மாத்திரை ஒன்று. கணக்கு இவ்வளவு அழகாக விழுவது அதிர்ஷ்டம். 24 கிலோ ஆகும்போது 0.6 வரும், அந்த அளவில் மாத்திரை கிடையாது. உடைக்கவோ பொடிக்கவோ கூடாத மாத்திரை இது. அப்போது டாக்டர் அப்படியே 0.5-இல் வைத்திருப்பார், அல்லது சில நாள் கூடுதலாகத் தந்து வாரக் கணக்கில் சமன் செய்வார். நீங்களாகப் பாதியாக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கென்று தண்ணீரில் கலக்கும் பொடியும் வந்திருக்கிறது. லேபிளின்படி 26 கிலோவுக்குக் கீழே அதுதான் தர வேண்டும். மாத்திரை கொடுப்பது அந்த வகையிலும் ஆஃப்-லேபிள்தான். பாப்பா மாத்திரையை முழுசாக விழுங்குவாளா என்று இப்போதே புளிப்பு மிட்டாய்த் துண்டு ஏதாவது கொடுத்துப் பழக்கிப் பாருங்கள்.

மருந்துக் கடையில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து 0.5 மி.கி., 2 மி.கி. என்று இரண்டு பலத்தில் வருகிறது. மாற்றிக் கொடுத்தால் நாலு மடங்கு டோஸ். மூலக் கம்பெனியின் 0.5 மாத்திரை மஞ்சள் நிறம், நீள்வட்டம். 2 மி.கி. ரோஸ் நிறம், வட்டம். சீட்டில் ".5" என்று எழுதாமல் "0.5" என்று எழுதச் சொல்லுங்கள். புள்ளி அழிந்தால் 5 ஆகிவிடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாட்டிலில் உள்ள எண்ணை நீங்களே உரக்கப் படித்துப் பாருங்கள்.

வெறும் வயிற்றில் தர வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால் மருந்து ஏறுவது குறையும். பள்ளி போகும் பிள்ளைக்கு எளிது காலை 6 மணி, வெறும் தண்ணீரோடு. பால், பூஸ்ட், இட்லி எல்லாம் 7 மணிக்கு. கொடுத்த பிறகு வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்காதீர்கள், அடுத்த நாள் வழக்கமான நேரத்தில் தொடருங்கள். மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொடுக்கலாம். குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீஸரில் வேண்டாம், கதவுத் தட்டிலும் வேண்டாம், அங்கே சூடு ஏறி இறங்கும். அசல் பாட்டிலிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் குப்பியோடு வையுங்கள். திங்கள் செவ்வாய் என்று அறை பிரித்த டப்பாவுக்கு மாற்றினால் ஈரத்தில் கெட்டுவிடும். ஐரோப்பிய லேபிளின்படி, திறந்த பாட்டில் 30 டிகிரிக்குக் கீழே 30 நாள் தாங்கும். ஆனால் நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் 30-க்குக் கீழே என்பது எந்த அறை? சென்னைக்கு ரயிலில் போகும்போது ஜெல் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, பாட்டில் அதன் மேல் நேரடியாகப் படாமல் வையுங்கள்.

ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டிய டெஸ்ட்கள் நாலைந்து. அவை ரிப்போர்ட்டாகக் கையில் இல்லாமல் முதல் மாத்திரையைத் தொட வேண்டாம் என்பேன். எக்கோ முக்கியம். மெக் மருந்து சில பிள்ளைகளுக்கு இதயத்தின் பம்ப் பலத்தைக் குறைக்கும், மூச்சு வாங்கவோ கால் வீங்கவோ தொடங்கும் முன்பே எக்கோவில் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஈ.எஃப். என்று ஒரு சதவீதம் எழுதியிருப்பார்கள். அது ஆரம்ப அளவிலிருந்து 10 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி, லேபின் கீழ் எல்லைக்கும் கீழே போனால் மருந்தை நாலு வாரம் வரை நிறுத்திப் பார்ப்பது விதி. பெரும்பாலும் மீண்டு வரும், குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம். முதல் எக்கோவே எடுக்காமல் விட்டால் மூன்றாம் மாத எண்ணை எதோடு ஒப்பிடுவது?

கண் விஷயத்தில் உங்கள் பாப்பாவுக்கு இரட்டைச் சிக்கல். கட்டியால் பார்வை குறையும். மருந்தால் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்தும் பார்வை மங்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆரம்பத்திலேயே விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும், அவள் வயதுக்கேற்ற படச் சார்ட்டில் ஒவ்வொரு கண்ணின் பார்வை அளவும் எடுத்து வைத்திருக்க வேண்டும். நீர் கோத்தது என்றால் மருந்தைச் சில வாரம் நிறுத்தினால் வடியும். விழித்திரை ரத்தக் குழாய் அடைத்தது என்றால் இந்த மருந்து நிரந்தரமாக நிறுத்தம். "அம்மா, நடுவுல பொகை மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டி அப்படியே இருந்து பார்வை குறைவதும், கட்டி சுருங்கியும் பார்வை ஏறாததும் இந்த இடத்துக் கட்டிகளில் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. போதும் என்று கண் செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தத்தில் அணு எண்ணிக்கை, கல்லீரல், கிரியாட்டினின், சோடியம், சி.கே. ஆகியவை. சி.கே. என்பது தசை என்சைம், ஓடி விளையாடினாலும் ஏறும். அதனால் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். தசை வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் உடனே ஓடுங்கள். சோடியத்தை நான் தனியாகச் சொல்லக் காரணம், கட்டி இருக்கும் இடம். அதையடுத்துத்தான் தண்ணீர்த் தாகத்தையும் ஹார்மோனையும் ஆளும் பகுதி. அங்கே கட்டி இருந்து, அளவுக்கு மீறிச் சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் டெஸ்மோபிரெசின் மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த வகை மருந்து தொடங்கியதும் சோடியம் சட்டென்று இறங்கியது பதிவாகியிருக்கிறது. பாப்பா அந்த மருந்து எடுத்தால் முதல் வாரங்களில் சோடியத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். வாந்தி, தலைவலி, அசாத்தியத் தூக்கம் வந்தால் "மருந்து ஒத்துக்கலை" என்று விடாமல் அன்றைக்கே சோடியம் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பாதிப் பிள்ளைகள் மருந்தை வெறுக்கக் காரணமே தோல்தான். முகம், தலை, முதுகில் பரு போல, தோல் வறட்சி, கால் பெருவிரல் நகக்கண்ணில் சீழ். முதல் நாளிலிருந்தே வாசனை இல்லாத கிரீமை நாளுக்கு இரண்டு வேளை உடம்பு முழுக்கத் தடவுங்கள், பரு வந்த பிறகு தடவுவது தாமதம். சோப்புக்குப் பதில் மிருதுவான கிளென்சர். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடைய வேண்டாம். பள்ளி ஷூ விரலை அழுத்துகிறதா பாருங்கள், முன்பக்கம் அகலமான ஷூ வாங்கினால் பாதி வலி தீரும். தலையில் சீழ்ப்பரு வந்த நேரத்தில் எண்ணெய் வைத்து ஊறவிடாதீர்கள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசாதீர்கள். பெரியவர்களுக்கு இந்தப் பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாதக் கணக்கில் தருவார்கள். எட்டு வயதுக்குள் பற்களில் கறை படியும் என்பதால் குழந்தைகளுக்கு வேறு மருந்து. பக்கத்து மருந்துக் கடையில் "கேன்சர் மருந்துப் பருவுக்கு" என்று கேட்டு வாங்கினால் இதுதான் கைக்கு வரும், அதனால் சொல்கிறேன். முடி வெளுக்கலாம், சுருளலாம். இதைப் பாப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கீமோ ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் உடம்பில் இன்னும் இருக்கிறதென்றால், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் மருந்தால் வந்தது என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள். கிருமித் தொற்று இல்லை என்று ரத்தக் கல்ச்சர் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நாள் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்வது வழக்கம், செலுமெட்டினிப் ஆய்வும் அப்படித்தான் நடந்தது. 30 மாத்திரை பாட்டில் மாதம் ஒன்று, மொத்தம் 24. இந்த மருந்து கட்டியைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கிறது. நிறுத்தியதும் சில பிள்ளைகளுக்குக் கட்டி வேகமாகத் திரும்பி வளர்கிறது. மறுபடி அதே மருந்தைத் தொடங்கினால் பலருக்குக் கேட்கிறது. லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற வேறொரு நோயில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். வெமுராஃபெனிப்பை ஆஃப்-லேபிளாகப் பெற்ற 54 குழந்தைகளுக்கும் எட்டு வாரத்தில் நோய் அடங்கியது. ஆனால் மருந்தை நிறுத்திய 30 பேரில் 24 பேருக்குத் திரும்பி வந்தது. அங்கே மாற்றம் வி600ஈ, மருந்து பொருந்தியது, அப்படியும் இந்தக் கதை. ஆகவே பணம் தீர்ந்து மூன்று வாரம், ஸ்டாக் இல்லை என்று பத்து நாள் என்று விட்டு விட்டுக் கொடுப்பதுதான் நடக்கக்கூடியதில் மோசமானது. ஆரம்பிக்கும் முன் ஆறு மாதச் செலவுக்காவது வழி தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் எப்போதும் ஒரு பாட்டில் கூடுதலாக இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து வளர்ச்சியையும் இதயத்தையும் என்ன செய்யும் என்ற நீண்டகாலக் கணக்கு உலகில் எங்கும் இன்னும் முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தை அளந்து எழுதுங்கள்.

பணம். தனியார் பாலிசி இருந்தால், மறுப்புக் கடிதத்தில் "எக்ஸ்க்ளூஷன் 16" என்று வர வாய்ப்பு அதிகம். நிரூபிக்கப்படாத சிகிச்சைகளுக்குப் பணம் இல்லை என்ற பொது விதி அது. அதன் வாசகத்தில், பயனைக் காட்டும் குறிப்பிடத்தக்க மருத்துவ ஆவணங்கள் இல்லாத சிகிச்சை என்றுதான் இருக்கிறது. லேபிளில் இல்லாதது என்று இல்லை. எனவே ட்யூமர் போர்டு தாள், மரபணு ரிப்போர்ட், வெளியான ஆய்வுகளின் நகல், முந்தைய கீமோ ஏன் நின்றது என்ற டாக்டர் கடிதம் நாலையும் முன்அனுமதி கேட்கும்போதே கொடுங்கள். மறுத்த பிறகு கொடுத்தால் இழுபறிதான். வாய்வழி கீமோவைப் பாலிசிகள் ஒரேயடியாக விலக்கக் கூடாது என்று 2019-லேயே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது, அதையும் குறிப்பிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த மாத்திரை தொகுப்பில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். மாத்திரை இல்லாவிட்டாலும் எம்.ஆர்.ஐ., எக்கோ ஆகியவற்றை அதில் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். மத்திய அரசின் ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அரசு ஆஸ்பத்திரி வழியாக. ஏற்கெனவே செலவழித்ததைத் திருப்பித் தரமாட்டார்கள், ஆகவே வாங்குவதற்கு முன் விண்ணப்பம். கம்பெனிகளின் உதவித் திட்டங்களுக்கு டாக்டர்தான் எழுத வேண்டும், பெற்றோர் எழுதினால் பதில் வராது.

கையெழுத்துப் படிவத்தில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஏன் இந்த மருந்து, வேறு என்ன வழி இருந்தது, அளவு என்ன, எந்தெந்த டெஸ்ட் எப்போது, எந்த நிலையில் நிறுத்துவோம், இரவு 11 மணிக்குப் பிரச்சினை என்றால் எந்த நம்பர் என்பதெல்லாம் தமிழில் எழுதி இருக்க வேண்டும். இருந்தால் போடுங்கள். இல்லை என்றால் சண்டை வேண்டாம், "டாக்டர், இதையும் சேர்த்து எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். இதைக் கேட்கும் பெற்றோரை நல்ல டாக்டர் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆராய்ச்சிகளில் 7 வயதிலிருந்து குழந்தையிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. இது ஆராய்ச்சி இல்லைதான், ஆனாலும் தினமும் 6 மணிக்கு எழுந்து விழுங்கப் போகிறவள் அவள். அவளிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக வாட்ஸப் மாத்திரை. வங்கதேசத்தில் இந்த ஜெனரிக்குகள் தயாராவது உண்மை, அங்கே அதற்குச் சட்டப்படி இடமும் உண்டு. உலக வர்த்தக விதிகளில் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மருந்துக் காப்புரிமையில் விலக்கு இருக்கிறது. ஆனால் கூரியரில் இங்கே வருவதற்கு உங்கள் பெயரில் அனுமதி வேண்டும். நோயாளியின் சொந்த உபயோகத்துக்கு என்று டாக்டர் சீட்டோடு 12-ஏ படிவத்தில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சுகம் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 12-பி படிவத்தில் அனுமதி தருவார்கள். அந்த வழியில் வந்தால் எந்த பேட்ச், யார் அனுப்பியது என்பதற்குத் தாள் இருக்கும். ஏஜென்ட் கொண்டுவரும் பாட்டில் எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்தது, உள்ளே இருப்பது என்ன என்பதற்கு ஒன்றுமே இருக்காது. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், காலியான புற்றுநோய் மருந்துக் குப்பிகளில் வேறு எதையோ நிரப்பி விற்றுக்கொண்டிருந்தது. தம்பிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது, நல்லது. ட்யூமர் போர்டு தாளையும் மரபணு ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து, இன்ஷூரன்ஸ் முன்அனுமதி விண்ணப்பத்தை இந்த வாரமே போடும் வேலையை அவரிடம் கொடுங்கள்.